மாயரும் சுவிட்சர்லாந்தும்: தூரதேசக் குடியேற்றக் கதைகளின் வரலாறு

மாயர்கள் தங்கள் தாயகத்துக்கு வெகு தொலைவில் குடியேறி வாழ்ந்தார்கள் என்ற கூற்று ஏறத்தாழ 150 ஆண்டுகளாகப் பல நாடுகளில் பல வடிவங்களில் எழுந்து வந்திருக்கிறது. எகிப்து, இந்தியா, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜார்ஜியா மாநிலம் என்று அந்தப் பட்டியல் நீளும். இந்தக் கதைகளின் வரலாற்றில் சுவிட்சர்லாந்துக்குத் தனி இடம் உண்டு. மாயரைப் பற்றி உலகம் அதிகம் படித்த கற்பனைகளில் ஒன்று அங்கிருந்துதான் கிளம்பியது. மாயர் கைபட்ட உண்மையான மரச்சிற்பங்களும் அங்கே பாசல் நகரில் இருக்கின்றன. கற்பனைக்கும் சான்றுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே நாட்டில் வைத்துப் பார்க்க இது உதவுகிறது.

தாயகமும் அதன் எல்லையும்

மாயர் நாகரிகத்தின் நிலப்பரப்பு தெளிவாக அறியப்பட்டது. மெக்சிகோவின் தென்கிழக்குப் பகுதி, யுகடான் தீபகற்பம், குவாத்தமாலா, பெலிஸ் ஆகிய நாடுகள், ஹோண்டுராஸ், எல் சால்வடோர் ஆகியவற்றின் மேற்குப் பகுதிகள் அதற்குள் அடங்கும். கி.பி. 250 முதல் 900 வரையிலான செவ்வியல் காலத்தில் டிகால், பாலெங்கே, கோபான், கலாக்முல் போன்ற நகரங்கள் தனித்தனி அரசுகளாக இயங்கின. 'மாயா' என்பது யுகடான் வட்டாரப் பெயர். எல்லா நகரங்களையும் சேர்த்துக் குறிக்க அது பிற்காலத்தில்தான் பொதுப்பெயர் ஆனது. அந்த மக்கள் அழிந்துபோய்விடவும் இல்லை. மாய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழிகளை இன்றும் பல லட்சம் பேர் பேசுகிறார்கள்.

மாயர் வெளியே போகவே இல்லை என்றும் சொல்ல முடியாது. மெக்சிகோவின் வடகிழக்கில் வெராக்ரூஸ், சான் லூயிஸ் பொட்டோசி பகுதிகளில் வாழும் வாஸ்டெக் மக்கள் பேசுவது மாயக் குடும்ப மொழி. மற்ற மாயர்களிடமிருந்து அவர்கள் பல நூறு கிலோமீட்டர் விலகி இருக்கிறார்கள். மத்திய மெக்சிகோவின் தியோத்திவாக்கானில் மாயர் பாணிச் சுவரோவியத் துண்டுகள் கிடைத்துள்ளன. 1975-இல் வெளிப்பட்ட ககாஷ்ட்லா ஓவியங்களிலும் மாயர் பாணி தெளிவாகத் தெரிகிறது. இவற்றை ஆய்வாளர்கள் தயக்கமின்றி ஏற்றார்கள். மொழியும் ஓவியமும் மண்ணுக்கடியில் கிடைத்த பொருளும் அங்கே சாட்சி சொல்கின்றன.

கூற்றுகளின் வரிசை

எல்லை தாண்டிய கதைகள் ஒரு தவறான வாசிப்பில் தொடங்கின. பிரெஞ்சுப் பாதிரியார் பிரசர் து பூர்பூர், 16-ஆம் நூற்றாண்டின் ஆயர் தியேகோ டி லாண்டா எழுதிவைத்த மாய 'அகரவரிசை'யைக் கண்டெடுத்து 1864-இல் அச்சிட்டார். அது உண்மையில் அகரவரிசை அல்ல. மாய எழுத்தின் அசைக்குறிகள் சிலவற்றின் பட்டியல். அதை அகரவரிசையாகவே எடுத்துக்கொண்டு ஒரு மாயச் சுவடியைப் படித்த அவர், அதில் கடலில் மூழ்கிய ஒரு நாட்டின் கதை இருப்பதாக எண்ணினார். 'மு' என்ற பெயர் அப்படிப் பிறந்தது.

அடுத்து வந்தவர் அகஸ்டஸ் லெ பிளாஞ்சியன். சிச்சென் இட்சாவில் அகழ்ந்து, இன்று 'சாக்மூல்' என்று அறியப்படும் சாய்ந்த சிலையை 1875-இல் வெளியே எடுத்தவர் இவர். 1886-இல் வெளியிட்ட நூலில், மாயரின் மறைஞானம் 11,500 ஆண்டுகளுக்கு முன்பே எகிப்து, கிரேக்கம், கல்தேயா, இந்தியா ஆகிய நாடுகளோடு உறவு கொண்டிருந்தது என்றார். எகிப்தின் நாகரிகத்தையே மாய அரசி ஒருத்தி தொடங்கிவைத்தாள் என்பது அவர் 1896-இல் சொன்ன கதை. ஜேம்ஸ் சர்ச்வர்ட் 1926-இல் 'மு' கண்டத்தைப் பசிபிக் பெருங்கடலுக்கு நகர்த்தினார்.

இந்தியாவில் இதே கதை எதிர்த்திசையில் சொல்லப்பட்டது. பிட்சு சமன்லால் 1940-இல் எழுதிய 'ஹிந்து அமெரிக்கா' இந்தியர்களே அங்கு போய்ப் பண்பாட்டைப் பரப்பினார்கள் என்று வாதிட்டது. தமிழ்நாட்டில் இந்த எண்ணத்துக்குப் பெயர் ஒற்றுமை துணை நின்றது. மகாபாரதத்தில் பாண்டவர்களுக்குச் சபா மண்டபம் கட்டிக் கொடுத்தவன் மயன். சிலப்பதிகாரத்திலும் மயன் பெயர் வருகிறது. மயமதம் என்ற சிற்பநூல் அவன் பேரிலேயே வழங்குகிறது. கன்னியாகுமரியின் 133 அடித் திருவள்ளுவர் சிலையை வடித்த வை. கணபதி ஸ்தபதி, மத்திய அமெரிக்க நகரங்களை நேரில் கண்டு, அங்குள்ள கட்டட அளவுமுறைகள் மயன் மரபைச் சேர்ந்தவை என்று கருதினார். கல்லின் நுட்பம் அறிந்த ஒருவரின் கண்ணில் பட்ட ஒப்புமை அது. ஆனால் ஒப்புமை ஒன்றை மட்டும் வைத்து ஒரு மக்கள் கூட்டம் கடல் கடந்ததாக முடிவு கட்ட வரலாற்று முறை இடம் தராது. சதுரம், படிக்கட்டு, திசைக் கணக்கு ஆகியவை எந்தக் கட்டடக்காரரும் தாமே கண்டடையக்கூடியவை.

ஜார்ஜியா கதை இந்த நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்குள்ள டிராக் ராக் மலைச்சரிவில் இருக்கும் கல் அடுக்குகள் மாயர் அகதிகளின் குடியிருப்பு என்ற கூற்று 2011 டிசம்பரில் பரவி, மறு ஆண்டே தொலைக்காட்சிக்கும் போனது. அதற்கு ஆதாரமாக மேற்கோள் காட்டப்பட்ட தொல்லியலாளரே அதை மறுத்தார்.

இன்டர்லாக்கனின் மாயக் கூடம்

சுவிட்சர்லாந்தின் ஆர்காவ் மாநிலத்தில் சோஃபிங்கன் ஊரில் 1935-இல் பிறந்த எரிக் வான் டேனிகன், தாவோஸில் விடுதி நடத்திவந்த காலத்தில் எழுதிய புத்தகம் 1968-இல் ஜெர்மன் மொழியில் வந்தது. அதன் தலைப்புக்கு 'எதிர்காலத்தின் நினைவுகள்' என்று பொருள். பழங்கால நாகரிகங்களின் பெருஞ்சாதனைகளுக்கு வேற்றுக்கோளத்தார் வருகையே காரணம் என்பது அதன் சாரம். லெ பிளாஞ்சியன் மாயரை உலகெங்கும் அனுப்பினார்; டேனிகன் விண்ணிலிருந்து ஆட்களை மாயரிடம் வரவழைத்தார்.

அவர் காட்டிய சான்றுகளில் பெயர் பெற்றது பாலெங்கே கல்மூடி. மெக்சிகோத் தொல்லியலாளர் ஆல்பெர்ட்டோ ருஸ், அங்குள்ள கல்வெட்டுக் கோயிலின் தளத்தில் ஒரு பலகைக்கல்லைத் தூக்கி, மண்ணும் கல்லும் நிரப்பி அடைத்திருந்த படிக்கட்டைப் பல பருவங்கள் தோண்டி, 1952-இல் அடியிலிருந்த கல்லறையை அடைந்தார். கல்பெட்டியின் மூடி 3.8 மீட்டர் நீளம், 2.2 மீட்டர் அகலம். அதில் ஒருவன் முழங்கால் மடக்கிச் சாய்ந்திருக்கிறான். டேனிகன் அதைக் குறுக்கே திருப்பி வைத்துப் பார்த்து, விண்கலத்தை ஓட்டும் வீரன் என்றார்.

மூடியை மாயர் செதுக்கியபடி நெடுக்கே வைத்துப் பார்த்தால் காட்சி வேறு. கீழே பாதாளத்தின் திறந்த வாய். அதன்மேல் சாய்ந்த மன்னன். அவனுக்குப் பின்னே சிலுவை வடிவில் உலக மரம். உச்சியில் ஒரு தெய்வப் பறவை. மரமும் பறவையும் பாதாள வாயும் மாயர் கலையில் வேறு பல இடங்களிலும் வரும் உருவங்கள். பெட்டியின் பக்கவாட்டில் மன்னனின் முன்னோர்கள் ஒவ்வொருவரும் ஒரு பழமரத்தோடு மண்ணிலிருந்து எழுகிறார்கள். கொக்கோ, கொய்யா, சப்போட்டா, வெண்ணெய்ப்பழம் என்று அந்த மரங்களை இனம் காண முடிகிறது. எழுத்தும் பேசத் தொடங்கியது. சோவியத் அறிஞர் யூரி நோரசோவ் 1952-இல் காட்டிய வழியில் மாயக் குறிகளின் ஒலிகள் பிடிபட்டன. 1973-இல் பாலெங்கேயில் கூடிய ஆய்வாளர்கள் அந்நகரின் அரச வரிசையையே அமைத்துக் காட்டினார்கள். கல்லறையில் கிடந்தவர் கி.பி. 615 முதல் 683 வரை ஆண்ட கினிச் ஹனாப் பாக்கால். மூடியின் விளிம்பில் இருப்பது அவர் குடும்பத்தின் இறப்புக் குறிப்பு.

இதற்குப் பின்னும் கதை தளரவில்லை. பெர்னீஸ் ஆல்ப்ஸ் மலையடியில் இன்டர்லாக்கனின் பழைய இராணுவ விமானத்தளத்தில் 2003-இல் டேனிகனின் 'மிஸ்டரி பார்க்' திறக்கப்பட்டது. அதன் ஏழு கூடங்களில் ஒன்று மாயருக்கு. இன்னொன்றின் பெயர் 'விமானா'. இந்தியப் புராணங்களின் விமானமும் மாயரின் நாட்காட்டியும் ஒரே கூரைக்கீழ்க் கேளிக்கைப் பொருள்களாயின. எதிர்பார்த்த கூட்டம் வராமல் 2006 நவம்பரில் பூங்கா மூடப்பட்டது. 2009-இல் 'யுங்ஃபிராவ் பார்க்' என்ற பெயரில் மீண்டும் திறந்தது.

பெர்ன் மாநிலத்திலேயே 1901-இல் பிறந்த கெர்ட்ரூட் டூபி புளோம் போன வழி வேறு. மெக்சிகோவின் சியாபாஸ் காட்டில் வாழும் லக்கந்தோன் மாயர்களை அவர் பல பத்தாண்டுகள் புகைப்படம் எடுத்தார்; அவர்கள் காடு அழிவதற்கு எதிராகக் குரல் கொடுத்தார். மாயர் எங்கே போனார்கள் என்ற புதிருக்கு அவருடைய படங்களில் இடமே இல்லை. அவர்கள் அங்கேயே இருந்தார்கள்.

சுவிஸ் மண்ணின் சொந்தக் கதைகள்

தூரதேசத்து மூதாதையர் என்ற எண்ணம் சுவிட்சர்லாந்துக்குப் புதியதல்ல. நாட்டுக்குப் பெயர் கொடுத்த ஷ்விட்ஸ் பகுதி மக்கள் சுவீடனிலிருந்து வந்தவர்கள் என்ற கதை 15-ஆம் நூற்றாண்டில் ஏட்டில் ஏறியது. பஞ்சத்தால் ஊரைவிட்டு வெளியேறியவர்கள் ஆல்ப்ஸ் பள்ளத்தாக்கில் தங்கினார்கள் என்று அது சொல்லும். அடிப்படை, இரண்டு பெயர்களின் ஒலி ஒற்றுமை; நோக்கம், அண்டை ஹாப்ஸ்பர்க் அரசுக்கு அடங்காத பழம்பெருமையை நாட்டுவது. முப்பதாண்டுப் போரின்போது சுவீடன் தூதர் இந்த உறவை எடுத்துச்சொல்லியே சுவிஸ் ஆதரவைக் கோரினார். ஷ்விட்ஸ் மக்கள் பேசுவது அலமான்னிக் ஜெர்மன். அதில் சுவீடன் மொழியின் சாயல் இல்லை.

வாலே மாநிலத்தின் அன்னிவியே பள்ளத்தாக்கு மக்கள் அட்டிலாவின் ஹூணர் வழிவந்தவர்கள் என்பது இன்னொரு கதை. கடுமையான மலைவாழ்க்கை, பருவத்துக்குப் பருவம் மேலும் கீழும் இடம் மாறும் வழக்கம், மரத்தில் வெட்டிய குடும்ப அடையாளக் குறிகள் எல்லாம் அதற்குச் சான்றாக்கப்பட்டன. 1896-இல் இதற்கென ஒரு புத்தகமே வந்தது. ஆனால் பள்ளத்தாக்கின் பழைய பேச்சு, லத்தீன் வழிவந்த பிராங்கோ-புரவென்சால். அடையாளக் குறிகள் ஆல்ப்ஸின் மற்ற ஊர்களிலும் உண்டு.

மூன்றாவது கதையில் பாதி உண்மை இருக்கிறது. தென் பிரான்சின் ஃபிராக்சினெட்டம் கோட்டையில் தளம் அமைத்திருந்த சரசேனியர்கள் எனப்பட்ட முஸ்லிம் படையினர் 10-ஆம் நூற்றாண்டில் ஆல்ப்ஸ் கணவாய்களை உண்மையிலேயே பிடித்தார்கள். 972-இல் கிளூனி மடாதிபதி மயோலுஸ் வாலேயின் ஓர்சியேர் அருகே அவர்களிடம் சிறைப்பட்டு, பெரும் மீட்புத்தொகை கொடுத்தே விடுபட்டார். இதை வைத்துக்கொண்டு சாஸ் பள்ளத்தாக்கின் அல்லாலின், அல்மாகெல் போன்ற பெயர்களை அரபு என்றும், அங்கே சரசேனியர் ஊர் அமைத்தார்கள் என்றும் 19-ஆம் நூற்றாண்டில் எழுதினார்கள். கொள்ளையிட வந்த படைக்கு எழுத்துச் சான்று இருக்கிறது. குடியிருந்ததற்கு ஒரு கல்லறையோ பானையோ கிடைக்கவில்லை.

பாசலுக்கு வந்த சப்போட்டா உத்திரங்கள்

பாசலில் பெருந்தேவாலயச் சதுக்கத்தை ஒட்டியுள்ள பண்பாட்டு அருங்காட்சியகத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன. அவற்றில் மிக அரியவை டிகால் கோயில்களின் வாசல் உத்திரங்கள். கட்டட வேலையில் 'லிண்டல்' என்று சொல்லப்படும் இடத்தில், வாசலுக்கு மேலே பல மரக்கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, அவற்றின் அடிப்பக்கத்தில் ஒரே காட்சியைத் தொடர்ச்சியாகச் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே நுழைகிறவர் தலைநிமிர்ந்தால்தான் சிற்பம் தெரியும்.

நான்காம் கோயிலைச் சேர்ந்த ஓர் உத்திரத்தில் டிகால் மன்னன் இக்கின் சான் கவீல் அமர்ந்திருக்கிறான். அவன் தலைக்குமேல் இறகு அணிந்த பெரும்பாம்பு ஒன்று வில்லாக வளைந்து காட்சி முழுவதையும் மூடுகிறது. மேல் மூலைகளில் கட்டம் கட்டமாக எழுத்து. கி.பி. 743-இல் அவன் எல் பெரு நகரத்தை வென்ற செய்தி அதில் இருக்கிறது. மறு ஆண்டு நரன்கோ நகரத்தை வென்றதை இன்னொரு உத்திரம் சொல்கிறது. சுமார் 1,280 ஆண்டுகளாக இந்த மரம் உளுத்துப் போகாததற்குக் காரணம் அதன் வைரம். அது சப்போட்டா மரம். தமிழ்நாட்டில் பழத்துக்காக வளர்க்கப்படும் அதே மரத்தின் தாயகம் மாயர் காடுகள்தான். அதன் பாலிலிருந்து முற்காலத்தில் சூயிங்கம் செய்தார்கள்.

உத்திரங்கள் பாசலுக்கு வந்த கதையில் மர்மம் ஏதும் இல்லை. கணித மேதைகளைத் தந்த பெர்னூலி குடும்பத்தில் 1834-இல் பாசலில் பிறந்த கார்ல் குஸ்டாவ் பெர்னூலி, மருத்துவரும் தாவர ஆய்வாளருமாவார். 1858-இல் குவாத்தமாலா போய் அங்கேயே மருத்துவம் பார்த்துக்கொண்டு செடிகொடிகளைச் சேகரித்தார். 1877-இல் டிகால் சென்றவர், அரசின் அனுமதி பெற்று உத்திரங்களைக் கழற்றி எடுக்க ஏற்பாடு செய்தார். மறு ஆண்டு ஊர் திரும்பும் வழியில் சான் பிரான்சிஸ்கோவில் இறந்தார். அவர் சேகரித்த சிற்பங்கள் அவருக்குப் பின்னரே பாசல் வந்து சேர்ந்தன. 9,000 கிலோமீட்டர் பயணத்தில் யார் எடுத்தார், எந்த ஆண்டு, யாருடைய ஒப்புதலில் என்பதெல்லாம் பதிவில் உள்ளன. அக்கால ஒப்புதல்களின் நியாயம் இன்று விவாதத்துக்கு உரியது. அந்த விவாதத்தைத் தொடங்குவதற்கும் இந்தப் பதிவுகளே வேண்டும்.

டிகால் மரம் இன்னொரு பெரிய கேள்விக்கும் விடை தந்தது. மாய நாட்காட்டி தனக்குள் துல்லியமானது; ஆனால் அதை கி.பி. ஆண்டுகளோடு எங்கே பொருத்துவது என்பதில் பல கருத்துகள் இருந்தன. சில கணக்குகள் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வேறுபட்டன. டிகால் முதல் கோயிலின் உத்திர மரத்தைக் கதிரியக்கக் கார்பன் முறையில் ஆராய்ந்த குழுவில் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளரும் இருந்தார். 2013-இல் வெளியான முடிவு, செதுக்கப்பட்ட காலத்தை கி.பி. 658-க்கும் 696-க்கும் இடையில் வைத்தது. கலாக்முல் மீது டிகால் மன்னன் ஹசாவ் சான் கவீல் பெற்ற வெற்றியை அந்த உத்திரம் குறிக்கிறது. பரவலாக ஏற்கப்பட்ட கணக்குப்படி அது 695. கல்வெட்டும் மரமும் ஒத்துப்போயின.

குடியேற்றத்தைச் சோதிக்கும் வழி

மனிதர்கள் ஓரிடத்தில் குடியேறினால் விதை, பானை, எலும்பு, எழுத்து, பேச்சு ஆகியவற்றில் சிலவாவது அங்கே தங்கும். அட்லாண்டிக்கின் மறுகரையில் கனடாவின் லான்ஸ் ஓ மெடோஸில் வடநாட்டு நார்ஸ் மக்கள் சில காலம் மட்டுமே தங்கினார்கள். ஆனாலும் எட்டுக் கட்டடங்களின் அடித்தளம், இரும்புக் கசடு, வெண்கல ஊசி, நூல் நூற்கும் தக்களிக் கல் ஆகியவை கிடைத்தன. உலோகக் கருவியால் வெட்டிய மரங்களின் ஆண்டு வளையங்களை எண்ணி, அவை 1021-இல் வெட்டப்பட்டவை என்று 2021-இல் உறுதி செய்தார்கள். சில ஆண்டுத் தங்கலுக்கே இவ்வளவு தடம்.

பழங்காலச் செடிகளைப் பாதுகாத்து வைத்திருப்பதில் சுவிட்சர்லாந்துக்கு இணையான இடங்கள் குறைவு. 1853-54 குளிர்காலத்தில் சூரிச் ஏரியின் நீர்மட்டம் வெகுவாகத் தாழ்ந்தபோது ஓபர்மைலனில் மரக்கால்கள் வெளியே தெரிந்தன. ஃபெர்டினாண்ட் கெல்லர் அவற்றை ஆராய்ந்து ஏரிக்கரைக் குடியிருப்புகளை உலகுக்கு அறிவித்தார். ஆல்ப்ஸைச் சுற்றிய ஆறு நாடுகளில் இத்தகைய 111 இடங்கள் 2011-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. அவற்றில் 56 சுவிட்சர்லாந்தில் உள்ளன. காற்று புகாத சேற்றில் ரொட்டித் துண்டும் ஆப்பிளும் நூலாடையும்கூடக் கெடாமல் கிடந்தன. சூரிச் தாவரவியலாளர் ஆஸ்வால்ட் ஹேர் அந்தச் செடிகளை 1860-களிலேயே பட்டியலிட்டார். கோதுமை, வாற்கோதுமை, ஆளி, கசகசா எல்லாம் இருந்தன. கோதுமையும் வாற்கோதுமையும் மேற்கு ஆசியாவிலிருந்து உழவர்களோடு வந்தவை என்பதால், அந்த இடப்பெயர்ச்சிக்கு விதையே சாட்சி. மாயரின் உயிர்ப்பயிரான மக்காச்சோளத்தில் ஒரு மணிகூட அங்கில்லை. இன்று டிச்சினோ மாநிலத்தின் அடையாள உணவான மக்காச்சோளப் பொலெண்டா, கொலம்பஸுக்குப் பிந்தைய வரவு.

இதே சோதனையைத் தமிழ்நாட்டுக்கும் பொருத்தலாம். சங்க இலக்கியத்தில் காரத்துக்கு மிளகு உண்டு, மிளகாய் இல்லை. 'மிளகு போன்ற காய்' என்று புதிதாகப் பெயர் கட்டவேண்டி வந்ததே, அது பிறகு வந்த பொருள் என்பதற்குச் சான்று. மிளகாய், கொய்யா, சப்போட்டா, பப்பாளி, மக்காச்சோளம் ஆகியவை ஐரோப்பியக் கப்பல்கள் வந்த பிறகே இங்கு வேரூன்றின. மாயர் தென்னிந்தியாவில் குடியேறியிருந்தாலோ, தமிழர் அங்கு போய்த் திரும்பியிருந்தாலோ இந்த விதைகளில் ஒன்றாவது ஆயிரம் ஆண்டு முன்னரே இங்கு முளைத்திருக்கும். மிளகும் நெல்லும் மாயர் நிலத்தில் கிடைத்திருக்கும்.

உண்மையான குடியேற்றம் எப்படித் தடம் பதிக்கும் என்பதைச் சுவிட்சர்லாந்தின் ஈழத்தமிழர்களிடம் காணலாம். 1983-க்குப் பின் பெருமளவில் வந்த அவர்கள் நாற்பது ஆண்டுகளில் கோயில், கடை, தமிழ்ப்பள்ளி, தேர்த்திருவிழா என்று கண்ணுக்குத் தெரியும் உலகம் ஒன்றை அமைத்துவிட்டார்கள். பெர்னில் 2014-இல் திறந்த 'சமயங்களின் இல்ல'த்தில் அவர்களுடைய சிவன் கோயிலும் ஒன்று. ஆயிரம் ஆண்டு கழித்து அகழ்கிறவருக்கும் பஞ்சலோகச் சிலையும் தமிழ் எழுத்தும் அங்கே கிடைக்கும்.

மாயர் எகிப்திலோ இந்தியாவிலோ ஜார்ஜியாவிலோ குடியேறினார்கள் என்பதற்கு அப்படி ஒரு பொருளும் இதுவரை கிடைக்கவில்லை. சுவிட்சர்லாந்துக்கு வந்தவை சில சப்போட்டா உத்திரங்கள். அவற்றைக் கொண்டுவர ஏற்பாடு செய்தவர் பாசலைச் சேர்ந்த ஒரு மருத்துவர், ஆண்டு 1877.